பிடித்த இடம்

சென்ற தை மாதம், பொங்கல் விடுமுறையில், என் தங்கையின் குடும்பத்தாரோடு மூன்று நாள் சுற்றுலா சென்றுவந்தேன். முதல் நாள் வந்தவாசி வட்டத்திலுள்ள சீயமங்கலம் குடைவரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, தெற்கே வந்து, மாலையில் செஞ்சிக்கு அருகேயுள்ள திருநாதர்குன்றில் ஏறினோம். இரண்டாம் நாள் முழுவதும் செஞ்சிக் கோட்டைக்கே போதவில்லை. மூன்றாம் நாள், செஞ்சி மலைகளில் பிறந்து புதுச்சேரிக் கடலில் கலக்கும் சங்கராபரணி ஆற்றைப் பின்தொடர்ந்து, திருவக்கரைக் கல்மரங்களைக் கண்டு, ஆறு கடலைத் தொடும் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

படகுக்காகக் காத்திருந்தபோது, பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை நானும் குழந்தைகளிடம் கேட்டேன்: "எந்த இடம் பிடித்தது?"

சிறியவன் சற்றும் தயங்காமல் "குரங்கு" என்றான். ராஜகிரிப் படிக்கட்டில் அவன் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஓடிய குரங்கை அவன் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் அதுவே அவனுக்குப் பிடித்திருந்தது. பதினொரு வயதான மூத்தவள் மட்டும் உடனே பதில் சொல்லவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமா, செஞ்சியைப் பிடிச்சாங்க பிடிச்சாங்கன்னு அங்கே பலகையிலே எழுதியிருந்ததே, பிடிச்சவங்களுக்கு அது பிடிச்சிருந்துதா?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்தோம். படகும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. இன்றளவும் என்னை விடவில்லை.

தமிழில் இச்சொல் விந்தையானது. படையெடுத்து வந்தவன் கோட்டையைப் பிடிக்கிறான். வலைஞர் மீன் பிடிக்கிறார். நாம் படம் பிடிக்கிறோம். உள்ளத்துக்கு உகந்ததையும் 'பிடித்திருக்கிறது' என்றே சொல்கிறோம். ஆயினும் இலக்கணம் ஓர் உண்மையைக் காட்டித் தருகிறது. 'நான் கோட்டையைப் பிடித்தேன்' என்றால் அங்கே நான் எழுவாய், கோட்டை செயப்படுபொருள். 'கோட்டை எனக்குப் பிடித்தது' என்றாலோ கோட்டை எழுவாயாகிவிடுகிறது. நான் நான்காம் வேற்றுமையாய் ஒதுங்கி நிற்கிறேன். முன்னதில் நான் செய்கிறேன். பின்னதில் எனக்கு ஏதோ நேர்கிறது. ஒரே சொல், ஆனால் அதற்குள் மனிதன் உலகத்தோடு கொள்ளும் இருவகை உறவுகள் அடங்கியிருக்கின்றன. நாம் ஓர் இடத்தைக் காணச் செல்லும்போது இவ்விரண்டில் எந்த உறவோடு செல்கிறோம்? இதுவே நம் சிந்தனைக்கு உரிய கேள்வி.

பிடித்தவர்களின் கதை

செஞ்சியின் வரலாறு முழுவதும் பிடித்தவர்களின் வரலாறே. கோன் மரபினர் கட்டத் தொடங்கிய கோட்டை என்பது வழிவழிச் செய்தி. பின்னர் விசயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் ஆண்டார்கள். 1597-ஆம் ஆண்டளவில் இங்கு வந்த பிமென்டா என்னும் இயேசு சபைக் குரு, லிசுபன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டின் எந்த நகரைக் காட்டிலும் இது பெரிது என வியந்து எழுதினார். காணும் புதுமையைத் தம் ஊரின் அளவுகோலால் அளப்பது எக்காலத்துப் பயணிக்கும் இயல்புதான்! 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிசப்பூர்ப் படைகள் கோட்டையைப் பிடித்தன. 1677-இல் சிவாஜி பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் இங்கு அடைக்கலம் புகுந்தபோது, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுப் பிடித்தது. 1714-இல் தேசிங்கு என்று நாட்டுப்பாடல் போற்றும் தேஜ்சிங், ஏறத்தாழ 22 வயதில், ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து மாண்டான். 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைக் கைப்பற்றியது. 1760 சனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர் தோற்றனர். மறு ஆண்டு சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. ஏப்ரலில் செஞ்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதன் பின்னும் 1780-இல் ஐதர் அலியின் படை ஒருமுறை பிடித்தது.

பிடித்தவர்களுக்கு அது பிடித்திருந்ததா?

எட்டு ஆண்டுகள் மலையடியில் பாசறை அடித்துக் கிடந்த முகலாயப் படைவீரன், அந்தி வெயிலில் ராஜகிரி செம்பொன்னாய் ஒளிர்வதை ஒருமுறையேனும் மனம் நெகிழ்ந்து பார்த்திருப்பானா? அவனுக்கு அது ஏற வேண்டிய மதில், அவ்வளவே. மேலே நின்ற மராட்டிய வீரனுக்கோ, நாம் இன்று மூச்சு வாங்க ஏறி 'ஆகா' என்று வியக்கும் அந்தப் பரந்த காட்சி, பகைவன் வரும் திசை மட்டுமே. பிரெஞ்சுக்காரரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் செஞ்சியில் ஒரு காலத்தும் நூறு ஐரோப்பியருக்கு மேல் நிறுத்தி வைத்ததில்லை. எனினும் தம் கையிலிருந்த பத்தாண்டுகளில் நோயினால் 1200 பேரை இங்கே இழந்தனர் என்று பழைய மாவட்ட விவரச் சுவடி குறிக்கிறது. அவர்கள் எந்த ஆற்றங்கரைச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்களோ! சேன் ஆற்றின் கரையிலோ லுவார் ஆற்றின் கரையிலோ ஓடி விளையாடிய பிள்ளைகள், சங்கராபரணிக் கரையில் காய்ச்சலால் மடிந்தார்கள். கோட்டையைப் பிடித்தது அவர்கள்தாம்; ஆனால் கோட்டையின் காற்று அவர்களைப் பிடித்துக்கொண்டது.

ஆக, சிறுமியின் கேள்விக்கு விடை ஏறத்தாழ இதுதான்: எதைப் பிடிக்க வேண்டும் என்று துடிக்கிறோமோ, அதை நம்மால் பார்க்க முடிவதில்லை. கைப்பற்றும் கண்ணுக்கு மலை தெரிவதில்லை. மலையின் பயன்தான் தெரிகிறது.

இரண்டு வகைத் தூண்கள்

செஞ்சியின் கீழ்க்கோட்டையில், புதுச்சேரி வாயிலுக்கு அண்மையில், வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டியது என்பர். இக்கோயிலின் நெடிய ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். இன்று புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் எட்டுத் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்றே சொல்லப்படுகிறது. நாங்களும் மூன்றாம் நாள் மாலையில் அத்தூண்களின் அடியில் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். கடற்காற்று இதமாக வீசியது. தூண்கள் மிக அழகாகவே இருந்தன.

ஆனால் அவை எதையும் தாங்கவில்லை. ஒரு மண்டபத்தின் கூரையைத் தாங்குவதற்காகச் செதுக்கப்பட்ட தூண்கள், இப்போது வானத்தை மட்டும் பார்த்து நிற்கின்றன. பிடுங்கி நடப்பட்ட எப்பொருளுக்கும் இதுவே கதி. அழகு எஞ்சுகிறது; தொழில் போய்விடுகிறது. பிறன் பொருளை எடுத்தவன் பல நேரங்களில் அதை அழித்துவிடுவதில்லை. பேணிக் காக்கவும் செய்கிறான். நல்ல இடத்தில் நிறுத்தி நாலு பேர் பார்க்கவும் வைக்கிறான். அதனாலேயே எடுத்ததும் தவறென்று அவனுக்குத் தோன்றாமல் போகிறது.

இதற்கு நேர்மாறான தூண்களை முதல் நாள் காலையில் கண்டிருந்தோம். சீயமங்கலத்தில், 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். அவனிபாசன பல்லவேச்சுரம் என்பது அதன் கல்வெட்டுப் பெயர். இறைவனை ஊரார் தூணாண்டார் என்கின்றனர். பின்னே பெரிய ஏரி, சுற்றிலும் வயல், காலை வெயிலில் பாறை இளஞ்சூட்டோடு இருந்தது. முன்பகுதியின் தூணொன்றில் ஆடும் சிவனின் சிறிய சிற்பம் உண்டு. தமிழகத்தின் மிகப் பழைய ஆடல் வடிவங்களுள் ஒன்றாக ஆய்வாளர் போற்றுவது இது. அவ்வளவு சிறப்புடையதைத் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது; தான் இருப்பதை அது உரத்துச் சொல்லிக்கொள்ளவில்லை.

செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி இறைவனுக்குக் கோயில் எடுத்ததாக இதே மன்னன் மண்டகப்பட்டில் பொறித்து வைத்திருக்கிறான். குடைவரை என்பது அடுக்கிக் கட்டுவது அன்று, தேவையற்றதை நீக்குவது. அங்கே தூண் என்பது கொண்டுவந்து நிறுத்தப்பட்டதில்லை. சுற்றியிருந்த கல்லை நீக்கியபின் எஞ்சி நின்றதே தூண். அதன் தலை மலையோடு ஒட்டியிருக்கிறது. அதன் கால் மலையோடு ஒட்டியிருக்கிறது. அதை எந்தப் படைத்தலைவனும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. மலையையே எடுத்தால்தான் உண்டு.

இந்த இருவகைத் தூண்களை எண்ணும்போது, ஓர் இடத்தின் பெருமை எதில் இருக்கிறது என்பது விளங்குகிறது. ஒவ்வொன்றும் தன் இடத்தோடு கொண்டிருக்கும் ஒட்டில்தான் அது இருக்கிறது. அந்த ஒட்டை அறுக்காமல் கண்டு மகிழ முடியுமானால் அது காட்சி. அறுத்தால்தான் மனம் நிறையும் என்றால், படை இல்லாவிட்டாலும் அது படையெடுப்புத்தான்.

நாமும் அந்த வரிசையிலா?

"நாங்கள் யாரும் தூண்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லையே" என்று வாசகர் கேட்கலாம். உண்மை. ஆனால் கோட்டைச் சுவர்களைச் சற்று உற்றுப் பாருங்கள். கல்யாண மகாலின் அடுக்கடுக்கான மாடங்களிலும், களஞ்சியத்தின் இருண்ட சுவரிலும், ராஜகிரி உச்சியிலும் எத்தனை பெயர்கள்! ஆண் பெயர், பெண் பெயர், நடுவில் இதயம், கீழே ஆண்டு. கோட்டையைப் பிடித்த அரசர்கள்கூட இவ்வளவு கல்வெட்டுகள் வெட்டவில்லை. 'நான் இங்கே வந்தேன்' என்பதைத் தவிர அப்பெயர்கள் வேறு எதையும் சொல்வதில்லை.

சக்கரகுளத்துக்கு அருகே, நடுவில் இயற்கையாகவே துளை விழுந்த பெரும்பாறை ஒன்று உண்டு. கைதிகள் கிணறு என்பது அதன் பெயர். சாவுத் தண்டனை பெற்றவர்களை அதனுள் தள்ளிப் பசியால் மடியவிட்டனர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். நாங்கள் போனபோது இளைஞர் சிலர் அதனருகே நின்று கூவிக்கொண்டிருந்தனர், எதிரொலி வருகிறதா என்று பார்க்க. ஒருவர் கைப்பேசியில் அதைப் படம் பிடித்தார். கெட்ட பிள்ளைகள் அல்லர். படியில் தடுமாறிய முதியவர் ஒருவரைச் சற்று முன்புதான் கைத்தாங்கலாக இறக்கிவிட்டிருந்தார்கள். ஆயினும் ஒரு காலத்தில் மனிதக் குரல் மேல்நோக்கி எழுந்ததாகச் சொல்லப்படும் இடத்தில், இன்று மனிதக் குரல் விளையாட்டாகக் கீழ்நோக்கிச் செல்கிறது. அந்த இரண்டு குரல்களுக்கும் நடுவே எங்கோ ஓர் அமைதி இருந்திருக்க வேண்டும். அதைக் கடைப்பிடிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவர்களைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் படித்த காலத்தில் நண்பர்களோடு திருவக்கரைக்குச் சென்றிருந்தேன். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் அங்கே கல்லாய்க் கிடக்கின்றன. மரத்தின் ரேகைகள், வளையங்கள், கணுக்கள் எல்லாம் அப்படியே தெரியும். தொட்டால் மட்டும் கல். சொனெரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் 1781-இலேயே அவற்றைக் குறித்திருக்கிறார். அன்று யாரும் பார்க்காத நேரத்தில் உள்ளங்கையளவு துண்டொன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு பரந்த நிலத்தில் ஒரு துண்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அது என் மேசையில் தாள்கள் பறக்காமல் இருக்கும் பாரமாகப் பல ஆண்டுகள் கிடந்தது. வந்தவர்களிடமெல்லாம் பெருமையோடு காட்டியும் இருக்கிறேன். 'எனக்கு மிகவும் பிடித்த இடம். அதன் நினைவாக எடுத்துவந்தேன்' என்பேன். பிடித்ததனால் எடுத்தேன் என்பதே என் வாதம். புஸ்ஸியின் படைவீரனும் இதைத்தானே சொல்லியிருப்பான்?

அரசன் தூணை எடுத்தான். நான் துண்டை எடுத்தேன். அளவில் வேற்றுமை உண்டு. வகையில் வேற்றுமை இல்லை.

ஐம்பத்தேழு நாள்

இந்த வரிசைக்குப் புறம்பாக நின்ற ஒருவரைச் செஞ்சியின் அருகிலேயே காணலாம். திருநாதர்குன்றில் ஒரு பெரும்பாறையின் முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அக்குன்றில் மிகப் பழைய கல்வெட்டொன்று உண்டு. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்வோர் அதைப் பெரிதும் மதிக்கின்றனர். சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து அங்கே உயிர் நீத்தார் என்பது அது தரும் செய்தி.

உணவை ஒறுத்து உயிர்விடும் அந்த நோன்பை அறமென ஏற்பதா என்பதில் சமயங்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதை இங்கு ஆராயவில்லை. என் மனத்தைத் தொட்டது வேறொன்று. செஞ்சி மலைகளில் ஏறியவர்கள் எல்லோரும் உணவை மேலே கொண்டுசென்றார்கள். களஞ்சியங்கள் கட்டினார்கள், சுனைகளைக் காத்தார்கள், முற்றுகை நீடித்தாலும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே அவர்களின் கவலை. இவர் ஒருவர் மட்டும், இருந்ததையும் கீழே விட்டுவிட்டு ஏறியிருக்கிறார். அவர்கள் மலையைப் பிடித்துக்கொள்ள ஏறினார்கள். இவர் பிடியைத் தளர்த்த ஏறினார்.

பெயர் இவருக்கும் கல்லில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் ஒருவர் எதை விட்டார் என்பதற்குச் சான்றாக நிற்கிறது. நம் கரிக்கட்டிப் பெயர்கள் எதற்குச் சான்று?

மகிழ்வதும் குற்றமா?

இவ்வளவும் படித்த வாசகர் ஒருவர் சலித்துக்கொள்ளக்கூடும்: 'உழைத்துக் களைத்தவன் வருடத்தில் ஒருநாள் பிள்ளைகுட்டிகளோடு வெளியே கிளம்பினால், அங்கும் அவன் தலையில் குற்றவுணர்வை ஏற்ற வேண்டுமா? துயரம் நிகழாத இடம் உலகில் ஏது? இப்படிப் பார்த்தால் எங்குமே சிரிக்க முடியாதே!'

இந்த எதிர்வாதம் வலிமையுடையது. எளிதில் தள்ளிவிட முடியாது. நான் இதை ஏற்கவும் செய்கிறேன். இரண்டாம் நாள் நண்பகலில், கோட்டைக்குள் ஒரு மர நிழலில், தங்கை கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். அருகே வேறொரு குடும்பம், முகமதியர். சதாதுல்லாகான் கட்டிய பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பிள்ளைகள் பேச்சுவாக்கில் அப்பளத்தையும் ஊறுகாயையும் மாற்றிக்கொண்டன. எட்டு ஆண்டு முற்றுகை நடந்த நிலத்தில், தேசிங்கின் குருதி சிந்திய நாட்டில், யாரும் யாருக்கும் அஞ்சாமல் உட்கார்ந்து சோறு தின்றோம். இங்கே மாண்ட வீரர்களுக்கு ஆசை என்று ஒன்று இருந்திருந்தால், அது இதுவாகத்தான் இருந்திருக்கும்: என்றேனும் ஒருநாள் இந்த மதில்கள் எவருக்கும் பயன்படாமல் போக வேண்டும், பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறி விளையாட வேண்டும். அச்சத்தால் கட்டப்பட்ட கோட்டைக்குக் குழந்தையின் சிரிப்பைவிடப் பெரிய விடுதலை இல்லை.

ஊராரின் வாழ்வும் இதில் அடங்கியிருக்கிறது. கோட்டை வாயிலில் வெள்ளரிக்காயும் மோரும் விற்கும் பெண்களுக்கு, வருகின்ற கூட்டம்தான் அன்றைய உலை. 2025 சூலையில் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியப் போர்க்களக் கோட்டைகள் பன்னிரண்டு சேர்க்கப்பட்டன. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை, மற்றொன்று செஞ்சி. இனிக் கூட்டம் பெருகும். அது நல்லதே. யாரும் வராத கோட்டை புதரில் மூழ்கும். பார்க்கப்படாத சிற்பத்துக்காகப் பேச ஆளிருக்காது.

ஆகவே மகிழ்ச்சி குற்றமன்று. அறியாத மகிழ்ச்சிதான் குறைபாடுடையது. எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அறிந்து சிரிக்கும் சிரிப்புக்கும், அறியாமல் சிரிக்கும் சிரிப்புக்கும் ஓசையில் வேற்றுமை இராது, நெஞ்சில் உண்டு. முன்னது நன்றியோடு கலந்தது. துயர் வீட்டில் பிறந்த குழந்தையைக் கொஞ்சுவோர் துயரை மறந்தவர்கள் அல்லர். துயரைத் தாண்டியும் வாழ்வு உண்டென்று அறிந்தவர்கள்.

இன்னும் ஒன்று. செஞ்சிக்குச் செல்வோர் ராஜகிரியில் ஏறுவர். கால் வலுவுடையோர் கிருட்டிணகிரியிலும் ஏறுவர். சந்திரகிரிக்குச் செல்வோர் மிகக் குறைவு. நான்காவதாக ஒரு சிறு குன்றும் இருக்கிறது; தோல் தொழிலாளரின் சாதிப் பெயரால் பழைய ஏடுகள் அதைக் குறிக்கின்றன. சுற்றுலாப் படங்களில் அது இடம் பெறுவதில்லை. அரசன் மலை, அரசி மலை என்று விரல் நீட்டும்போது, கல் சுமந்தவனின் மலை எது என்றும் ஒரு குழந்தைக்குக் காட்டினால், அந்தப் பயணம் அறத்தில் சற்று உயர்ந்துவிடும். கல்யாண மகாலின் மேல்மாடிக்குச் சுட்ட மண்குழாய்கள் வழியாகத் தண்ணீர் ஏற்றிய திறத்தை வியக்கிறோம். அக்குழாயைச் சுட்ட குயவனுக்கு ஒரு கணம் மனத்தில் இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கைப்பிடித்தல்

ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஏறத்தாழ 24 அடி அகலம். 60 அடி ஆழம். பாலம் ஒன்றுதான் வழி. முற்காலத்தில் அதை அகற்றிவிட்டால் ஒரு சிலரே ஒரு படையைத் தடுத்து நிறுத்த முடியும் என்பார்கள். அந்தப் பாலத்தின் முன் வந்ததும் மூத்தவள் நின்றுவிட்டாள். கீழே பார்த்துவிட்டாள் போலும். ஒன்றும் பேசாமல் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். இருவரும் கடந்தோம்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருப்பது வீட்டுக்கு வந்து பல நாள் கழித்தே எனக்கு உறைத்தது. தமிழில் கைப்பிடித்தல் என்றால் மணம் புரிதல். கைப்பிடித்தவர் என்றால் உடைமையாளர் அல்லர், பொறுப்பேற்றவர். குழந்தையின் கையைப் பிடிப்பவன் குழந்தையைக் கைப்பற்றுவதில்லை. அதன் அச்சத்தில் பங்கேற்கிறான். அங்கே பிடித்தவனும் பிடிபட்டவனாகிறான். விட்டுவிட்டுத் தன் பாட்டில் போக அவனுக்கு உரிமை இல்லை.

ஓர் இடம் நமக்குப் பிடித்திருக்கிறது என்றால், அதன் முடிவான பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பிடித்ததை எடுத்துக்கொள்வது முதற்படி மனம். அது பிள்ளைப் பருவம். பிடித்ததைப் பார்த்துவிட்டு மறந்துபோவது வழிப்போக்கனின் மனம். பிடித்ததன் நலனைத் தன் நலனாகக் கொள்வதே முதிர்ந்த மனம். நாம் போனபின்னும் அந்த இடம் அங்கே அப்படியே இருக்க வேண்டும், நம்மை அறியாத ஒருவர் வந்து அதைக் கண்டு மகிழ வேண்டும் என்று விரும்புவோமானால், அப்போதுதான் அந்த இடம் நமக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது. மனிதர்களிடம் நாம் வைக்கும் அன்பும் இதே உரைகல்லில்தான் தெரியவரும் அல்லவா?

மாசி மாதத்தில் ஒருநாள், மேசையிலிருந்த கல்லை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திருவக்கரைக்குச் சென்றேன். மருமகளும் உடன் வந்தாள். எடுத்ததைத் திருப்பித் தராதவரை வருத்தம் வெறும் சொல்தான் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த பழைய அறத்தை அவளிடம் விளக்கிக்கொண்டே போனேன். காவலில் இருந்தவரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சினக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "உள்ளே வெச்சிட்டுப் போங்க சார்" என்றார்.

உள்ளே போனோம். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. எங்கே வைப்பது? எந்த மரத்திலிருந்து எடுத்தேன் என்பது எனக்கு நினைவில்லை. மரங்கள் நெடுநெடுவெனச் சாய்ந்து கிடந்தன. எல்லாவற்றின் அருகிலும் துண்டுகள் சிதறிக் கிடந்தன. "இதோட மரம் எது மாமா?" என்று அவள் கேட்டாள். ஒவ்வொரு மரமாகப் போய் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்தோம். ரேகையை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றும் பொருந்தவில்லை, அல்லது எல்லாமே பொருந்துவது போலிருந்தது. இந்த மரங்களே இங்கு வளர்ந்தவை அல்ல, பழங்காலப் பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மண்ணில் புதைந்தவை என்று அறிஞர் கூறுவதை அவளிடம் சொன்னேன். "வெள்ளம் கொண்டுவந்தது வேற, நீங்க கொண்டுபோனது வேற இல்லையா?" என்றாள். வேறுதான்.

கடைசியில் வெயில் ஏறிவிட்டதால், ஏதோ ஒரு மரத்தின் நிழலோரம் வைத்துவிட்டுத் திரும்பினோம். நிலத்துக்குக் கொடுத்துவிட்டேன், மரத்துக்குக் கொடுக்க முடியவில்லை. எடுப்பதற்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. திரும்ப வைப்பதற்கு ஒரு வாழ்நாளும் போதாது போலிருக்கிறது. ஆயினும் திரும்ப வைக்கத்தான் வேண்டும்.